எந்தக் கட்டம் என்று மட்டும்

மேசையில் ஒட்டியிருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்டு:
இங்கிருப்பவர் வழக்கறிஞர் அல்லர்.
எந்தக் கட்டம் என்று காட்டலாம்.
கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்று சொல்லக் கூடாது.
ஆறு வருஷமாக
அந்த இரண்டு வரிக்கு நடுவில்தான் எனக்குச் சம்பளம்.

கிழக்கு மொன்டானா, நவம்பர்.
சுகர்பீட் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
நேராக வந்திருந்தாள் ட்ரூடி ஹாகன்,
பூட்ஸில் ஆலையின் சேறு காயாமல்.
நீதிமன்றத்தின் கீழ்த்தளம், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில்
ஒரு கணினி, ஒரு பிரின்டர்,
சங்கிலி போட்ட பேனா.

திரை இதமாகத்தான் கேட்கும்,
அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.
ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.
கடினமான சொல்லுக்கு அடியில் கோடு,
தொட்டால் விளக்கம் விரியும்.
மனுதாரர் என்றால் நீங்கள்.
எதிர்மனுதாரர் என்றால்
அவள் தொடவில்லை.

பத்துப் பக்கம் ஓட்டமாகப் போனது.
கல்யாணத் தேதி, பிரிந்த தேதி.
ஆன்சல், ஒன்பது வயது. பிரிட்டா, நாலு.
பதினோராவதில் நின்றாள்.

கடந்த ஐந்தாண்டில் பிள்ளைகள் வசித்த
எல்லா முகவரிகளையும் தருக.
தேதிகளில் இடைவெளி இருக்கக் கூடாது.

எண்ணெய் வயலோரம் டிரெய்லர்.
அவன் பெற்றோர் வீட்டுக் கீழ்த்தளம், இரண்டு குளிர்காலம்.
மூன்றாம் தெருவில் பச்சைக் கதவு;
கதவுக்கு மட்டும் அவள் பெயின்ட் அடித்திருந்தாள்.
பிறகு, இந்த மார்ச்சில்,
இரண்டாம் தேதியிலிருந்து பதின்மூன்று வரை
ஒன்றுமில்லை.
திரை சிவந்தது: இடைவெளி உள்ளது.

"கார்" என்றாள், என்னைப் பார்க்காமல்.
"சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்ல. விளக்கு எரியிற பக்கம்.
அது முகவரியா?"

பதில் எனக்குத் தெரியும்.
விரலை நீட்டினேன்:
"முகவரிக்கு இந்தக் கட்டம்."

கடையின் பெயர் போட்டாள், நெடுஞ்சாலை எண் போட்டாள்.
பின்கோடு இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றது.
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு
கோட்டு மாட்டாமலே வெளியே போனாள்.

இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால்
எல்லாவற்றையும் அழித்துவிடும் அது,
நம் பாதுகாப்புக்காகவாம்.
பதினெட்டாவது நிமிடத்தில்
மவுஸை ஒருமுறை அசைத்துவைத்தேன்.
மவுஸைப் பற்றி அந்த உறைத்தாளில் எதுவும் இல்லை.

திரும்பி வந்தாள், மூக்கு சிவந்து, கையில் ஒரு ரசீது.
பால். ஈரத்துணி பாக்கெட். மெழுகுவத்தி, நாலு.
அதற்கெல்லாம் மேலே, கடை விலாசத்தின் கடைசியில்
ஐந்து இலக்கம்.
அவள் ஒவ்வொன்றாக அடித்தாள்.
பக்கம் திறந்தது.

அதன் பிறகு இன்றுவரை ஒரே முகவரி:
மார்லிஸ் ஹாகன், அவன் கூடப்பிறந்த அக்கா.

முப்பத்தொரு பக்கம் சூடாக வந்து விழுந்தது.
இதை அவனிடம் நீங்களே கொடுக்கக் கூடாது,
பதினெட்டு நிரம்பிய வேறொருவர் கொடுக்க வேண்டும்
என்று சொல்ல எனக்கு அனுமதி உண்டு, சொன்னேன்.
மறுநாள் மார்லிஸ் வந்து கறாராகக் கேட்டாள்:
"ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்கு வருவான்.
சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"
நேரம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.
காட்டினேன்.

ஆனால் முதல் நாள் சாயங்காலம் நடந்ததைச் சொல்லவில்லை.
கடைசித் தாள், கையெழுத்துக்கு மேலே ஒரு வரி:
இதை நிரப்ப உங்களுக்கு உதவியவர் யார்?
ட்ரூடி நிமிர்ந்து பார்த்தாள்.
"யாருமில்லைன்னு எழுதுங்க" என்றேன்.
வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது,
ஆறு வருஷத்தில் முதல்முறை
கட்டத்துக்குள் போட ஒரு சொல் கொடுத்திருக்கிறேன்.

அவள் தலையாட்டினாள்.
குனிந்து எழுதினாள், சங்கிலி மேசையில் உரசிக்கொண்டே இருந்தது.
யாருமில்லை என்பதற்கு
அவ்வளவு நேரம் ஆகாது.
படிக்காமல் சீல் குத்தினேன்.